உப்பில்லாத குரல்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வத்சலா பதினான்கு வயதுக்காரியாக மாறுவதற்கு ஒரு மிடறு வெந்நீர் போதும். பிளாஸ்க் மூடியைத் திருகி நாற்காலிக்கு அடியில் வைப்பாள். சத்தம் போடும் என்று வளையல்களைக் கழற்றிக் கைப்பைக்குள் போடுவாள். ஹெட்போனை ஒரு காதில் முழுதாகவும், தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக மறு காதில் பாதியாகவும் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மைக்கின் முன்னால் வந்து நிற்பாள். ஐம்பது வயதும், முழங்கால் வலியும், காலையில் சிலிண்டர் கொண்டுவந்தவனோடு போட்ட வாக்குவாதமும் கதவுக்கு வெளியே செருப்போடு நின்றுவிடும். உள்ளே மிதோரி நிற்பாள். கேக் செய்யக் கற்றுக்கொள்வதற்காகக் கடலோர ஊரிலிருந்து நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவள், எதற்கெடுத்தாலும் கண்ணில் நீர் தளும்புகிறவள், எதற்கும் பின்வாங்காத ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் பெண். பரஞ்சோதி இந்த மாதிரி மாற்றத்தைப் பழைய நாட்களில் எத்தனையோ முறை பார்த்தவர்தான். ஆனாலும் இன்னும் பழகவில்லை. இருபத்தாறு வருஷமாகத் தன்னோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண், தன் கண் முன்னால், தான் எழுதிய வசனத்தைப் பேசிக்கொண்டே, தனக்குத் தெரியாத ஓர் இடத்துக்குப் போய்விடுகிறாள். போகட்டும், அது தொழில். ஆனால் யாரோடு போகிறாள்? இந்தக் கேள்விதான் ஐந்தாறு மாதமாகப் பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத் துண்டு மாதிரி, நாக்கு அந்தப் பக்கம் போகிற போதெல்லாம் இடறுகிறது.

சாலிகிராமத்தில் ஒரு சந்துக்குள், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே டப்பிங் தியேட்டர். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏசியின் குளிர் கண்ணை அழுத்துகிற நேரம். கன்சோலுக்கு முன்னால் சவுண்ட் என்ஜினியர் நிஜாம் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். பின்னால் பழைய சோபாவில் பரஞ்சோதி. அவர் பொதுவாக ரெக்கார்டிங்குக்கு வருவதில்லை. அவர் வேலை வீட்டோடு முடிந்துவிடும். படத்தைப் பார்த்து, அந்தச் சின்ன வாய்கள் திறக்கிற இடத்தில் திறந்து, உதடு ஒட்டுகிற இடத்தில் ஒட்டி வருகிற மாதிரி தமிழில் வசனம் எழுத வேண்டும். எழுதிய பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு, படத்தை ஓடவிட்டு, மிதோரி, வாத்தியார், கூடப் படிக்கிற பையன்கள், பள்ளிக்கூடத்து நாய் வரைக்கும் எல்லாருடைய வசனத்தையும் தானே போனில் பேசிப் பதிவு செய்வார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகத்தான். பைலட் என்று அதற்குப் பெயர். எந்த வசனம் எங்கே விழ வேண்டும் என்று நிஜாம் குறித்துக்கொள்வதற்கு அதை அனுப்பி வைப்பார். கட்டடம் எழும்பியதும் சாரத்தை அவிழ்த்துவிடுகிற மாதிரி, அதோடு அதன் ஆயுசு முடிந்தது. இன்றைக்கு மட்டும், கடைசி எபிசோட் ஆயிற்றே, கூட வருகிறேன் என்று சொல்லிப் பைக்கை எடுத்தார். வத்சலா பின்னால் உட்கார்ந்து, அதிசயமா இருக்கு என்று மட்டும் சொன்னாள். அவர் எதற்கு வந்தார் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கடைசிக் காட்சியில் அவள் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தார்.

முன்பெல்லாம் ஒரே மைக்குக்கு முன்னால் ஆணும் பெண்ணும் தோளோடு தோள் நின்று பேசுவார்கள். ஒருவர் மூச்சு அடுத்தவர் கழுத்தில் படும். தெலுங்குப் படங்களுக்கு உதவி வசனகர்த்தாவாக இருந்த காலத்தில் அப்படி நின்றுகொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் நின்று காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அப்போது அவருக்கும் பேச வேண்டும் என்று ஆசை இருந்தது. வாய்ஸ் டெஸ்ட்டுக்கு நின்றார். டப்பிங் இன்சார்ஜ் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, உச்சரிப்பு சுத்தம் தம்பி, ஆனா குரல்ல உப்பு இல்ல, எழுதப் போங்க என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, வானிலை சொல்வது போல் சொன்னார். அன்றைக்குத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த வத்சலா அதைக் கேட்டாளா இல்லையா என்று இதுவரை அவர் கேட்டதில்லை. அவள் கேட்டிருந்தால், உப்பில்லாதவனைத் தெரிந்தேதான் கட்டிக்கொண்டாள். கேட்காதிருந்தால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டிருப்பாள். இரண்டில் எது மேல் என்று யோசித்து யோசித்து அவருக்கு ஐம்பத்து நாலு வயதாகிவிட்டது. இப்போது காலம் மாறிவிட்டது. ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். மிதோரியோடு படிக்கிற சோஜி என்ற பையனுக்குப் பேசுகிற எட்வின் வேறொரு நாள் வருவான், இல்லையென்றால் வீட்டிலிருந்தே பேசி அனுப்புவான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை, ஒருவர் பேசி வைத்தது அடுத்தவர் ஹெட்போனில் ஓடும், அவ்வளவுதான். அப்படியானால் பொறாமைக்கு என்ன இடம் என்று வெளியாள் கேட்பான். பரஞ்சோதிக்கு அங்கேதான் இடம் இருந்தது. எதிரில் நிற்பவனுக்குத் தொப்பை தெரியும், சட்டை வியர்வை தெரியும், ஓர் அளவுக்கு மேல் அவன் கிட்டே வர முடியாது. காதுக்குள் பேசுகிறவனுக்கு உடம்பே கிடையாது. வெறும் குரல். அவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று எந்த அளவுகோலை வைத்து அளப்பது? கன்சோல் அறையில் அவள் பேசுவது மட்டும்தான் கேட்கும். அவள் காதில் ஓடுவது அவளுக்கு மட்டும்.

திரையில் மிதோரி முட்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒற்றைக் கையால், கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு, ஓடு இரண்டாகப் பிரிந்து மஞ்சள் கரு முழுசாக விழுந்தது. வத்சலா 'ம்ஹும்' என்று ஒரு சின்ன மூச்சை மட்டும் கொடுத்தாள். நிஜாம் ஓக்கேக்கா என்றான். இந்தத் தொடரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று இதுவரை யாரும் பரஞ்சோதியைக் கேட்டதில்லை. சிறுவர் சேனலில் சாயங்காலம் ஓடுகிற கேக் கார்ட்டூனைப் பற்றி வசனம் எழுதுகிறவனிடம் யார் அபிப்பிராயம் கேட்பார்கள்? ஆனால் அவருக்கு அபிப்பிராயம் இருந்தது. பஸ்ஸிலும் குளியலறையிலும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருப்பார். இதை எடுத்தவர்கள் கைகளைப் பார்க்கத் தெரிந்தவர்கள். மாவைப் பிசைகிறபோது மணிக்கட்டு எப்படி வளையும், நகக்கண்ணில் வெள்ளையாக என்ன ஒட்டிக்கொண்டிருக்கும், வெண்ணெய் குளிர்ந்திருந்தால் கட்டைவிரல் எப்படிப் பின்வாங்கும், எல்லாவற்றையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். பேக்கிங் என்பதே காத்திருப்பதுதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. மிதோரி அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தால் தொடர் அவசரப்படாது. பாட்டு இல்லை, வசனம் இல்லை. கண்ணாடிக் கதவுக்குள் சிவப்பு வெளிச்சம், முகத்தில் அந்தச் சிவப்பு, எங்கோ கடிகாரச் சத்தம். அந்த மாதிரி இடங்களில் பரஞ்சோதிக்கு எழுத வேலை இருக்காது. வேலை இல்லாத அந்த இடங்கள்தான் அவருக்கு மிகவும் பிடித்தவை. குறைகளும் இருந்தன. இந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை. அத்தனை கிண்ணமும் கரண்டியும் எங்கே போகின்றன? பையன்களுக்கெல்லாம் பெண்களை விட நீளமான இமைமயிர். ஒரு துண்டு கேக்கை வாயில் வைத்த உடனே எல்லார் பின்னாலும் பூ மிதக்கிறது, சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்து நடந்த கடற்கரை வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் சாப்பிட்டதில் ஒரு பூவையும் பரஞ்சோதி பார்த்ததில்லை. போன வாரத்துக் கதையையே பாதி நேரம் திரும்பக் காட்டுகிறார்கள். எல்லாப் பிரச்சினையும் சர்க்கரையில் தீர்ந்துவிடுகிறது. இதெல்லாம் சின்னக் குறைகள், குழந்தைகளுக்கானது என்று விட்டுவிடலாம். ஒரு குறையைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. இந்தத் தொடரில் பொறாமை இருபது நிமிஷத்துக்கு மேல் நிற்பதே இல்லை.

ரெய்கா என்று ஒருத்தி வருவாள். சுருள்முடி, வகுப்பில் முதல் மாணவி. நேற்று வந்த மிதோரியை எல்லாரும் கொண்டாடுவது அவளுக்குப் பொறுக்கவில்லை. போட்டி நாளன்று மிதோரி ஏதோ எடுக்க வெளியே போன நேரம், ரெய்கா அவளுடைய அடுப்பின் கதவை ஒரு நொடி திறந்து மூடிவிடுகிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. உள்ளே பாதி வெந்து எழும்பிக்கொண்டிருந்த கேக் வெளிக்காற்று பட்டதும் நடுவில் அமுங்கிவிடுகிறது. அந்தக் கை அடுப்புப் பிடியை நோக்கிப் போவதும், நிற்பதும், பின்வாங்குவதும், கவுனில் துடைத்துக்கொண்டு மறுபடி போவதும், அதை வரைந்தவர் யாரோ, அவர் பொறாமையின் ருசி அறிந்தவர். பின்னறையில் அந்தக் காட்சியைப் பரஞ்சோதி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார். வத்சலா குளிக்கப் போன நேரத்தில் மேஜை மேல் கிடந்த அவள் போனை நோக்கி அவருடைய கையும் இப்படித்தான் போயிருக்கிறது, வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறது, மறுபடி போயிருக்கிறது. ஒருநாள் திறந்தும் விட்டார். மளிகைக்காரர், டப்பிங் யூனியன் குரூப், அவளுடைய தங்கை அனுப்பிய பிள்ளையார். வேறொன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததே அவருக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. நான் பார்ப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்த உடனே, சீ, இது என்ன புத்தி என்று தன்னையே ஏசிக்கொண்டார். ஏசினால் போய்விடுகிறதா? அங்கே கார்ட்டூனில் என்ன நடந்தது? அமுங்கிய பள்ளத்தில் மிதோரி கிரீமையும் பழத்தையும் நிரப்பிப் போட்டியில் ஜெயித்துவிட்டாள். ரெய்கா ஒரு துண்டு சாப்பிட்டாள், அழுதாள், கட்டிக்கொண்டாள். அடுத்த வாரத்திலிருந்து உயிர்த்தோழி. எழுதும்போது அவருக்குக் கோபமே வந்தது. இது எந்த ஊர் நியாயம்? பள்ளத்தைக் கிரீம் போட்டு மூடினால் பள்ளம் இல்லாமல் போய்விடுமா? வெட்டிப் பார்த்தால் தெரியாதா?

எட்வினை அவர் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார். யூனியன் விழாவில், பந்தியில். நாற்பது வயதிருக்கும், குட்டையான ஆள், பிரஷர் குக்கர் விளம்பரத்துக்கும் அடகுக்கடை விளம்பரத்துக்கும் அவன்தான் குரல். அக்கா, உங்களோட பேசறது எனக்கு வரப்பிரசாதம் என்றான். வத்சலா சிரித்தாள், வடையை எடுத்து அவன் இலையில் வைத்தாள். எனக்கு எண்ணெய் ஆகாது, நீங்க சாப்பிடுங்க என்று சொல்லித்தான் வைத்தாள். அந்த வடை பரஞ்சோதியின் கண்ணில் இன்னும் இருக்கிறது, அதன் நடுவில் ஓட்டை, ஓட்டையில் ஒரு மிளகு. அதன் பிறகுதான் அவர் முடிந்துபோன எபிசோட்களைக் கேட்கத் தொடங்கினார். பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சோஜி கூப்பிடுகிறான், மிதோரி பதில் சொல்கிறாள். அவள் பதிலில் ஒரு கதகதப்பு இருந்தது. வீட்டில் அவர் எத்தனையோ வருஷமாகக் கேட்காத, கேட்டோமா என்றே சந்தேகம் வந்துவிட்ட கதகதப்பு. அதைவிட அவரைக் குத்தியது எட்வின் செய்கிற ஒரு காரியம். 'மிதோரி' என்று சொல்வதற்கு முன்னால் அவன் ஒரு சின்ன இடைவெளி விடுவான். மூச்சும் இல்லை, தயக்கமும் இல்லை. ஏதோ ஒன்றைத் தேடி எடுத்துக் கையில் கொடுக்கிற மாதிரி. அந்த இடைவெளிக்கு அப்புறம் பெயர் வரும்போது எவளும் திரும்பிப் பார்ப்பாள். இதைத்தான் உப்பு என்று அந்த வெற்றிலைக்கார மனுஷர் சொல்லியிருக்கிறார். குக்கர் விற்கிறவனுக்கு வாய்த்த உப்பு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாய்க்குட்டியைத் தடவுகிற மாதிரி சாதாரணமாக, மிதோரிக்கு நல்லா பேசறியே என்று சொல்லிப் பார்த்தார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, க்யூ நல்லா வந்தா யாரும் நல்லா பேசலாம் என்றாள். எதிராளி வசனத்தைத்தான் அவர்கள் க்யூ என்பார்கள். எதிராளி எட்வின். அதற்குப் பிறகு அவருக்கு ரசம் இறங்கவில்லை. அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், ஏதோ பதில் வரும் என்று எதிர்பார்த்தவள் மாதிரி. அவர் சாவி எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

கடைசி எபிசோட் வந்து சேர்ந்தபோது அதில் என்ன இருக்கும் என்று அவருக்கு முன்பே தெரியும். இந்த மாதிரித் தொடர்கள் எல்லாம் அங்கேதான் போய் முடியும். போட்டி முடிந்து, எல்லாரும் போய்விட்ட சமையற்கூடத்தில் சோஜி கேட்கிறான், இத்தனை நாள் என்னோடு அடுப்புக்கு முன்னால் நின்றாயே, கேக்குக்காக மட்டும்தானா என்று. மிதோரி நேராக அவனைப் பார்த்து உன்னைப் பிடிக்கும் என்கிறாள். முதல் நாளிலிருந்தே என்கிறாள். மூலத்தில் அது நீளமான வசனம், சுற்றிவளைப்பு இல்லாத வசனம், இந்தத் தொடர் சம்பாதித்துக்கொண்ட ஒரே நேர்மையான நிமிஷம். எத்தனை குறை சொன்னாலும் அதைக் குறை சொல்ல அவரால் முடியவில்லை. எழுதத்தான் முடியவில்லை. காகிதத்தில் 'உன்னைப் பிடிக்கும்' என்று எழுதினால், அதை வத்சலா எட்வினின் காதுக்குள் சொல்வாள். தன் கையால் எழுதிக் கொடுத்து, தன் மனைவியை அனுப்பி வைக்கிற மாதிரி. பின்னறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, 'ஆமா. எனக்கு கேக் மட்டும் போதும்' என்று எழுதினார். சின்னக் குழந்தைகள் பார்க்கிற சேனல், பெற்றோர்கள் என்ன நினைப்பார்கள் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டார். சேனல்காரர்கள் அப்படி எதுவும் கேட்கவில்லை. அந்தக் காட்சிக்குப் பைலட்டும் பேசவில்லை. போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனார். சோஜியின் அந்தக் கேள்வியைக் காகிதத்தில் ஒருமுறை படித்தார். இதை ஒருவன் நிஜமாகக் கேட்கப்போகிறான், நான் எதற்கு ஒத்திகை பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று போனை வைத்துவிட்டார். அந்த இடம் மட்டும் வெறுமையாகப் போயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது, அவிழ்க்கப்போகிற சாரத்தில் ஒரு கம்பு குறைந்தால் என்ன.

இப்போது திரையில் அந்தச் சமையற்கூடம் வந்துவிட்டது. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம், மேஜை மேல் சிந்திய மாவு. பரஞ்சோதி சோபாவின் விளிம்புக்கு நகர்ந்தார். வத்சலாவின் முகத்தைப் பார்த்தார். சோஜியின் வாய் அசைந்து நின்றது. அவள் புருவத்தைச் சுருக்கினாள். காதில் ஹெட்போனை அழுத்தினாள். கொஞ்சம் தாமதமாக, இடம் தெரியாமல் இறங்குகிறவள் மாதிரி, ஆமா, எனக்கு கேக் மட்டும் போதும் என்றாள். திரையில் மிதோரியின் வாய் அதற்குப் பிறகும் அசைந்துகொண்டிருந்தது. திறந்து, மூடி, மறுபடி திறந்து, கண்ணில் நீர் நிரம்ப, சத்தமே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீருக்கு வெளியே எடுத்துப் போட்ட மீனின் வாய்.

வத்சலா கண்ணாடி வழியாக இந்தப் பக்கம் பார்த்தாள். “என்னங்க, அவ இன்னும் பேசிக்கிட்டே இருக்கா. எனக்கு வசனம் தீந்துபோச்சு.”

நிஜாம் படத்தை நிறுத்தினான். அவள் விடவில்லை, இத்தனை வருஷத்தில் அவர் எழுதி வாய் மிச்சம் இருந்து பார்த்ததே இல்லை, கடைசி எபிசோடை மூக்குக்கண்ணாடி போடாமல் எழுதினீர்களா என்றாள். கேலிதான். அதோடு, காதில் ஒன்றும் வரவில்லை, எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை என்றாள். நிஜாம் நாற்காலியைச் சுழற்றித் திரும்பினான். “சார், இந்த சீனுக்கு மட்டும் உங்க பைலட் வரல. விட்டுட்டீங்களா?”

“பைலட் எதுக்கு?” என்றார் பரஞ்சோதி. “எட்வின் பேசினதைப் போடுங்க.”

“எட்வின் சார் இன்னும் பேசவே இல்லையே. அவரு எப்பவும் அக்காவுக்கு அப்புறம்தான் பேசுவாரு.” நிஜாம் இதில் விளக்க என்ன இருக்கிறது என்கிற குரலில் சொன்னான். “மொத எபிசோட்லேருந்து அக்கா காதுல உங்க பைலட்தானே ஓடுது. அவரே அதைக் கேட்டுட்டுதான் சார் பேசறாரு. மிதோரின்னு கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு கேப் விடுவீங்கல்ல, அதை அப்படியே பிடிச்சிருக்காரு பாருங்க.”

அந்த இடைவெளி. பரஞ்சோதிக்கு அது என்ன என்று தெரியும். திரையில் வாயைப் பார்க்க ஒரு கண்ணாடி, காகிதத்தைப் பார்க்க இன்னொன்று. படத்திலிருந்து கண்ணை இறக்கி, அடுத்த வரி எங்கே இருக்கிறது என்று விரலால் தேடுகிற நேரம் அது. வெள்ளெழுத்து. வேறொன்றும் இல்லை. ஐந்தாறு மாதமாக எவனுடைய உப்பு என்று நெஞ்சு எரிந்தாரோ, அது அவருடைய கண் கோளாறு. சிரிக்கலாம் என்று பார்த்தார், வரவில்லை. அப்படியானால் அவளுக்கு அது தன் புருஷன் குரல் என்று முதல் நாளே தெரியும். குழம்பில் உப்பு இருக்கிறது என்று யாராவது எடுத்துச் சொல்வார்களா, அவளும் சொல்லவில்லை. க்யூ நல்லா வந்தா என்றபோது அவள் பார்த்த பார்வை இப்போது, இத்தனை மாதம் கழித்து, வந்து சேர்ந்தது. பாராட்டிவிட்டு அவள் காத்திருந்தாள். அவர் சாவி எங்கே என்று கேட்டார். பெரிய பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. கதவைச் சாத்திக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்திருந்தானே ஒருவன், யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் பதினான்கு வயதுப் பையனாகப் பேசியவன், அவனுக்குத்தான் அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதகதப்பு முழுவதும் அவனுக்கு. கதவைத் திறந்து கூடத்துக்கு வருகிறவனுக்கு என்ன கிடைத்தது? பால் வந்ததா, சிலிண்டர் வந்ததா. அவனும் அதைத்தானே கேட்டான். எட்வினை வெறுப்பது எவ்வளவு சுலபமாக இருந்தது என்று பரஞ்சோதி நினைத்தார். அவனுக்கு ஒரு முகம் இருந்தது, இலையில் ஒரு வடை இருந்தது. பின்னறைக்காரனை என்ன செய்வது? அவன் சட்டையையல்லவா இவர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

“எழுத்தாளர் தூங்கிட்டாரா?” என்றது ஸ்பீக்கரில் வத்சலாவின் குரல். பிறகு, நிஜாமிடம் சொல்கிற மாதிரி இவரிடம் சொன்னாள், அங்கிருந்தே க்யூ கொடுக்கச் சொல், வசனத்தையும் சொல்லச் சொல், வாய்க்குச் சரியாக நான் பேசிவிடுகிறேன் என்று. நிஜாம் எழுந்து இடம் விட்டான். அவள் காதோடு பேசுவதற்கான சின்ன மைக்கையும் அதன் சிவப்புப் பொத்தானையும் காட்டினான். பரஞ்சோதி போய் உட்கார்ந்தார். காகிதத்தில் அவருடைய வசனம் இருந்தது, 'கேக் மட்டும் போதும்'. அதைப் பார்க்க அவருக்கே கூசியது. மூலத்தில் இருந்ததைச் சொல்லலாம், மனப்பாடமாகத் தெரியும். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் இதையும் நான் எழுதிக் கொடுத்தால், அவள் சொல்லப்போவது யாருடைய வார்த்தை? பொத்தானை அழுத்தினார்.

“வசனம் இல்ல. நீயே சொல்லு.”

நிஜாம் திரும்பிப் பார்த்தான். ஒரு 'தான்'-ஐ ஓர் 'ஏ'-யாக மாற்றினால்கூட போன் போட்டு சண்டை பிடிக்கிற மனுஷர். வத்சலாவும் பார்த்தாள், கேலி எதுவும் செய்யவில்லை. படத்தை ஒருமுறை சத்தமில்லாமல் ஓட்டச் சொன்னாள். மிதோரியின் வாயைப் பார்த்தாள். உதட்டை மட்டும் அசைத்து அளவு பார்த்தாள். தலையை ஆட்டினாள். சமையற்கூடம் மறுபடி வந்தது. பரஞ்சோதி கண்ணை இறக்கிக் காகிதத்தில் வரியைத் தேடினார்.

“இத்தனை நாள் என்கூட அடுப்பு முன்னாடி நின்னது... மிதோரி, கேக்குக்காக மட்டுந்தானா?”

உப்பில்லாத குரல்தான். அவர் காதுக்கு அப்படித்தான் கேட்டது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முகம் திரும்பியது. திரையைப் பார்த்துத்தான் திரும்பியது.

“எல்லாரும் நடுவுல நடுவுல கதவத் திறந்து பாத்துட்டே இருந்தாங்க, சோஜி. நீ மட்டுந்தான் நம்பி நின்ன. அன்னைக்கே... அன்னைக்கே எனக்கு உன்னைப் பிடிச்சுப்போச்சு.”

மிதோரியின் உதடு ஒட்டிய இடத்தில் அவள் உதடு ஒட்டியது. ஒரு நூல் மிச்சமில்லை. பரஞ்சோதியின் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. வெளிக்காற்று பட்டு உள்ளே ஏதோ ஒன்று நடுவில் அமுங்குகிற மாதிரி இருந்தது. நம்பி நின்றவன். மேஜை மேல் கிடந்த போன், வேட்டியில் துடைத்த கை. அவளுக்குத் தெரியாது, அவள் சோஜியைச் சொல்கிறாள். தெரிந்தும் சொல்கிறாளோ? இல்லை, தெரியாது. தெரிந்தால்? இனி கேட்கவும் முடியாது, கேட்டால் அதுவும் ஒரு கதவைத் திறக்கிறதுதான்.

“அக்கா, லிப் பக்கா,” என்றான் நிஜாம். “ஆனா கடைசி வரியில மிதோரி காணோம். உங்க சொந்தக் குரல் வந்துடுச்சு.”

வத்சலா குனிந்து பிளாஸ்க்கை எடுத்தாள். ஆமாம் என்று ஒத்துக்கொண்டாள், கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. ஒரு மிடறு குடித்தாள், தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். ஒன்மோர் போலாம் என்றாள். அழித்துவிடட்டுமா என்று நிஜாம் கேட்டதற்குப் பரஞ்சோதி வேண்டாம் என்று கையசைத்தார். அது எதற்கும் உதவாத டேக். பதினான்கு வயதுக்காரியின் வாயில் ஐம்பது வயதுக்காரியின் குரல், எந்தச் சேனலும் ஏற்காது. அதை யார் வைத்துக்கொள்ளப்போகிறார்கள், பின்னறைக்காரனா, கூடத்துக்காரனா என்று மனது உடனே கணக்குப் பார்க்கத் தொடங்கியது. படம் ஓடியது. ஜன்னல், வெளிச்சம், மேஜை மேல் மாவு. அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டார், மூக்குக்கண்ணாடியையும் கழற்றிவிட்டார். தேடுவதற்கு இப்போது எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தி, இத்தனை நாள் என்கூட அடுப்பு முன்னாடி நின்னது என்றார். பெயருக்கு முன்னால் குரல் தானாகவே நின்றது. அந்த இடைவெளியில், மங்கலாகத் தெரிந்த கண்ணாடிக்கு அப்பால், வத்சலா பாதியாக விட்டிருந்த ஹெட்போனை இழுத்து அந்தக் காதையும் முழுதாக மூடிக்கொண்டாள்.